உருகாத பனிக்கட்டி: உணவைக் காக்கும், உயிரையும் குடிக்கும்!

2018-ம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவில் உள்ள வாஷிங்டன் மாநிலம்.

ஒரு பெண் தன் மாமியாரை வீட்டில் கொண்டுபோய் விடுவதற்காகக் காரில் புறப்பட்டார். அது அவருடைய கணவரின் கார். கணவர் ஐஸ்கிரீம் வியாபாரி. காருக்குள் அவருடைய பெட்டிகள் நான்கு இருந்தன.

போனவர் திரும்பி வரவில்லை.

கார் வழியில் நின்றிருந்தது. உள்ளே இரண்டு பெண்களும் நினைவிழந்து கிடந்தார்கள். மாமியார் இறந்துவிட்டார். மருமகள் ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

கார் எதிலும் மோதவில்லை. யாரும் அவர்களைத் தாக்கவும் இல்லை. அந்தப் பெட்டிகளில் இருந்த பொருள்தான் வினையாக முடிந்தது.

அது என்ன பொருள்? உலர் பனிக்கட்டி!

ஆங்கிலத்தில் இதை "டிரை ஐஸ்" என்பார்கள். அமெரிக்காவில் பெரிய மளிகைக் கடைகள் பலவற்றில் இது கிடைக்கிறது. கோடை விடுமுறையில் காட்டுக்கும் மலைக்கும் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவது அந்த நாட்டுக் குடும்பங்களுக்கு மிகவும் பிடித்த பொழுதுபோக்கு. நாம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவதுபோல், அவர்கள் இறைச்சி, மீன், பால், ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு போவார்கள். அவை கெடாமல் இருக்க, உலர் பனிக்கட்டியையும் உடன் வைப்பார்கள்.

சோடாவில் இருக்கும் வாயு

இது தண்ணீரால் ஆன ஐஸ் அல்ல. கரியமில வாயுவைக் கட்டியாக்கியது. நாம் மூச்சு விடும்போது வெளியே போவதும் இந்த வாயுதான். சோடா புட்டியைத் திறந்தால் "புஸ்" என்று பொங்கி வருவதும் இதுதான்.

இந்த வாயுவை அழுத்திக் குளிர வைத்தால் நீர்போல ஆகிவிடும். அதைச் சிறு துளை வழியாகத் திடீரென்று வெளியே விட்டால், ஒரு பகுதி ஆவியாகப் பறக்கும். மீதி வெண்பனியாகக் கொட்டும். அந்தப் பனியை இயந்திரத்தில் வைத்து அழுத்தினால் செங்கல்போலக் கட்டி கிடைக்கும்.

இதை முதலில் விவரித்தவர் திலோரியே என்ற பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1835. திரவமாக்கிய கரியமில வாயு இருந்த உருளையை அவர் திறந்தார். வாயு சீறிக்கொண்டு போயிற்று. உள்ளே வெள்ளையாக ஏதோ மிஞ்சி நின்றது!

ஆனால் அதை வைத்து வியாபாரம் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. 90 ஆண்டுகள் கழிந்து, 1925-ல்தான் அமெரிக்காவில் ஒரு கம்பெனி "டிரை ஐஸ்" என்று பெயர் சூட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அதற்கு முன்பெல்லாம் தண்ணீர் ஐஸ்தான். அமெரிக்கக் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் சென்னைக்கே கொண்டுவந்த காலம் உண்டு. அதைச் சேமித்து வைக்கக் கட்டிய கட்டிடம்தான் சென்னைக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ். வரும் வழியிலேயே ஒரு பகுதி உருகி ஓடிவிடுமாம்.

உலர் பனிக்கட்டி உருகாது. அதுதான் அதன் விசேஷம். கட்டியாக இருப்பது நேரே வாயுவாகப் போய்விடும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேராது. ரொட்டி நனையாது, இறைச்சி ஊறாது.

குளிர்ச்சியோ சொல்லி முடியாது. தண்ணீர் உறைவது பூஜ்யம் டிகிரியில். இதன் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே 78.5 டிகிரி! எடைக்கு எடை பார்த்தால், சாதாரண ஐஸ் உருகும்போது இழுப்பதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பத்தை இது இழுத்துக்கொள்கிறது.

இரண்டு வாரச் சாப்பாடு

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் "கிராண்ட் கேன்யன்" என்ற மாபெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆழம் ஒரு மைலுக்கு மேல். அடியில் கொலராடோ ஆறு சீறிப் பாய்கிறது. அந்த ஆற்றில் ரப்பர்ப் படகு விட்டுப் போவதற்காக, அனுமதி கேட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

லீஸ் பெர்ரி என்ற இடத்தில் படகு ஏறினால், டயமண்ட் கிரீக் என்ற இடம் வரை 226 மைல். துடுப்புப் போட்டுப் போனால் இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகும். இரவில் ஆற்று மணலில் படுக்கை. வழியில் ஊர் இல்லை, சந்தை இல்லை. கோடையில் பள்ளத்தின் அடியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

ஒரு குழுவில் 16 பேர் வரை இருப்பார்கள். அத்தனை பேருக்கும் கடைசி நாள் சாப்பாடு வரை முதல் நாளே ஏற்றிவிட வேண்டும்! பத்தாம் நாள் இறைச்சி கெட்டுப்போனால், அந்தப் பள்ளத்தில் வைத்தியரை எங்கே தேடுவது?

அனுபவசாலிகள் செய்யும் ஏற்பாடு இது. முதல் வாரச் சாப்பாட்டைச் சாதாரண ஐஸ் போட்ட பெட்டிகளில் வைப்பார்கள். இரண்டாம் வாரச் சாப்பாட்டை முன்பே கல்போல உறைய வைத்து, உலர் பனிக்கட்டியோடு வேறு பெட்டியில் அடைப்பார்கள். மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, எந்த நாளில் திறக்க வேண்டும் என்று மேலே எழுதிவிடுவார்கள். அந்த நாள் வரும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. ஒருமுறை திறந்தாலும் குளிர் போய்விடும். பெட்டிமேல் ஈரச் சாக்கைப் போர்த்துவதும் உண்டு. மண்பானையில் தண்ணீர் குளிரும் அதே தந்திரம்தான்!

மூடியைத்தான் ஒட்டுவார்களே தவிர, பெட்டியின் அடியில் உள்ள வடிகால் துளையை அடைக்கமாட்டார்கள். ஏன்? உள்ளே உண்டாகும் வாயு வெளியே போக வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் பெட்டியே வெடித்துவிடும்.

குடிக்கும் பானங்கள்? அவற்றை உலர் பனிக்கட்டியில் வைப்பது அசட்டுத்தனம். உறைந்து, புட்டி விரிந்து உடைந்துவிடும். படகுக்காரர்கள் அவற்றை வலைப்பையில் கட்டி ஆற்றிலேயே தொங்க விட்டுவிடுகிறார்கள். செலவே இல்லை! காரில் போய்த் தங்கும் குடும்பங்கள், சாதாரண ஐஸ் போட்ட தனிப்பெட்டியில் பானங்களை வைத்துக்கொள்கின்றன. முட்டை, கீரை, பழங்களுக்கும் அதுதான் சரி. குழந்தைகள் நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதும் அந்தப் பெட்டியைத்தான்!

கை பட்டால் கொப்புளம்

உலர் பனிக்கட்டியை வெறுங்கையால் தொடக்கூடாது. நெருப்புச் சுட்டதுபோலத் தோல் வெந்துவிடும். தடித்த கையுறை வேண்டும். கட்டியைப் பழைய பத்திரிகைத் தாளில் நன்றாகச் சுற்றி, உணவுக்கு மேலே வைக்க வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது, கீழ்நோக்கித்தான் இறங்கும். கட்டி நேராகப் பட்டால் பெட்டியின் உட்புறப் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

முன்கூட்டியே வாங்கி வைக்கவும் முடியாது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் குளிர் இதற்குப் போதாது. சாதாரணப் பெட்டியில் ஒரு நாளைக்கு 2 கிலோ முதல் 4 கிலோவுக்கு மேல்கூடக் காற்றில் கரைந்துபோகும். அதனால் புறப்படும் நேரத்தில்தான் வாங்குவார்கள்.

வாயில் போடுவது பேராபத்து. 2024-ம் ஆண்டு மார்ச் மாதம், டெல்லி அருகே குருகிராமில் ஒரு உணவு விடுதிக்குச் சென்றவர்களுக்குச் சாப்பிட்ட பின் வாய் மணக்க என்று கொடுத்த பொருள் உலர் பனிக்கட்டியாக இருந்தது. ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனைக்குப் போனார்கள். புட்டியில் போட்டு மூடி விளையாடுவதும் அப்படித்தான். புட்டி குண்டுபோல வெடிக்கும்.

கூடாரத்துக்குள் வேண்டாம்

எல்லாவற்றையும்விடக் கொடியது, கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. ஒரு கிலோ கட்டி கரைந்தால் சுமார் 540 லிட்டர் வாயு கிளம்புகிறது. இருவர் படுக்கும் சிறு கூடாரம் கொள்ளும் காற்று மொத்தமே இரண்டாயிரம், மூவாயிரம் லிட்டர்தான்.

சாதாரணக் காற்றில் பத்தாயிரத்தில் நான்கு பங்குதான் கரியமில வாயு. அது நூற்றுக்கு ஐந்து பங்கானால் தலை வலிக்கும், மூச்சு வாங்கும். நூற்றுக்குப் பத்துப் பங்கானால் சில நிமிஷத்தில் நினைவு தப்பும். இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது. காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனம். அதனால் தரையோடு தங்கும். கூடாரத்தில் தலை வைத்துப் படுப்பதும் தரையில்தானே!

நரி வந்து இழுத்துவிடுமோ, கரடி வந்துவிடுமோ என்று பெட்டியைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளத் தோன்றும். உலர் பனிக்கட்டிப் பெட்டியை அப்படி வைக்கவே கூடாது. தூங்குகிறவருக்குத் தலை வலிப்பது தெரியாது. காருக்குள்ளும் வைத்துக்கொண்டு படுக்கக்கூடாது. காரில் கொண்டுபோகும்போது கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்ட வேண்டும். ஐஸ்கிரீம் வியாபாரியின் காரில் வெளிக்காற்று வர வழியில்லாமல் போனதுதான் அந்த இரண்டு பெண்களுக்கும் வினையாயிற்று.

2020-ம் ஆண்டு பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்த நாள் விருந்து நடந்தது. புகை அழகாகக் கிளம்பும் என்று, மூடிய கூடத்தில் இருந்த நீச்சல் குளத்தில் உலர் பனிக்கட்டியைக் கொட்டினார்கள். மூன்று பேர் இறந்தார்கள்.

கொலராடோ ஆற்றில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பெட்டிகள் இரவில் படகிலேயே, திறந்த வெளியில் கிடக்கும். ஆட்கள் தள்ளி மணலில் படுத்திருப்பார்கள். வாயுவை ஆற்றுக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் நாடாவைப் பிய்த்துப் பெட்டியைத் திறப்பார்கள். இறைச்சி கல்லாக இருக்கும். மேலே கசங்கிய பத்திரிகைத் தாள் கிடக்கும். அதற்குள் சுற்றி வைத்த கட்டி போன இடம் தெரியாது. தாளும் நனைந்திருக்காது.