ஆர்க்கிட்டைப் பூக்க வைக்கும் கார்த்திகைக் குளிர்

திருப்பதி அடிவாரத்தில் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறவர், பஸ்ஸில் மலையேறித் திருமலையில் இறங்கியதும் மேல்துண்டை எடுத்துப் போர்த்திக் கொள்கிறார். கீழே உள்ள ஊர் சுமார் 500 அடி உயரத்தில் இருக்கிறது. மலைமேல் கோயில் சுமார் 2,800 அடியில். ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ 2 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் குறையும் என்பது பொதுவான கணக்கு. மனிதனுக்கு இதமாகத் தோன்றும் இந்த நாலைந்து டிகிரி வித்தியாசத்தில்தான் ஒரு செடி பூப்பதும் பூக்காமல் போவதும் இருக்கிறது. அதுதான் ஆர்க்கிட்.

பெங்களூர் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போனவர்கள் இந்தச் செடியைக் கண்டிருப்பார்கள். அந்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல், வெள்ளையும் ஊதாவுமாக ஒரே தண்டில் பத்துப் பதினைந்து பூக்கள் வரிசையாக நிற்கும். கிரேக்க மொழியில் அந்துப்பூச்சியைக் குறிக்கும் சொல்லைக் கொண்டே ‘ஃபெலனாப்சிஸ்’ என்று பெயரும் வைத்தார்கள். ஒருமுறை மலர்ந்தால் இரண்டு மூன்று மாதம் வாடாது. அந்த அழகுக்கு மயங்கி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு தொட்டி வாங்கி வருகிறவர்கள் உண்டு.

பூ உதிர்ந்த பிறகுதான் சோதனை தொடங்குகிறது. இலை தளதளவென்று வளரும். பூ மட்டும் வராது. உரம் போடுகிறார்கள், பிண்ணாக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், தொட்டியை மாற்றுகிறார்கள். கடைசியில் ‘மலட்டுச் செடி’ என்று பட்டம் கட்டிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். செடியின் மீது குற்றமில்லை. அதற்கு வேண்டியிருந்தது சில வாரக் குளிர்ச்சிதான்.

பகல் குளிர வேண்டும்

ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில் இதைத் தெளிவாக்கினார்கள். வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே சில வாரம் நீடித்தால் இச்செடி பூந்தண்டு விடுகிறது. 28 டிகிரிக்கு மேல் இருந்தால் வெறும் இலையாகவே வளர்ந்து கொண்டிருக்கும்.

இரவு குளிர்ந்தால் போதும், பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் இருந்தால் சரி என்றுதான் வெகுகாலம் நம்பி வந்தார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டார்கள். பகல் 29 டிகிரியாக இருந்தால், இரவு நன்றாகக் குளிர்ந்தாலும் பூந்தண்டு தடைப்படுகிறது என்றும், பகல் 26 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் தண்டு வருகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். ஆக, ராத்திரி செடியை மொட்டை மாடியில் வைத்துவிட்டு, பகலில் தகரக் கூரையின் கீழ் வாட்டினால் பயனில்லை.

ஆர்க்கிட் குடும்பம் மிகப் பெரியது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். நம்மவர்கள் பலர் குடியேறிய மலேயாவிலும் சிங்கப்பூரிலும் மரக்கிளைகளில் ‘புறா ஆர்க்கிட்’ என்று ஒன்று தானாக வளர்கிறது. மொட்டுக்களைத் தயாராக வைத்துக்கொண்டு அது காத்திருக்கும். ஒருநாள் பெருமழை பெய்து காற்று சட்டென்று ஐந்து டிகிரி போலக் குளிர்ந்துவிட்டால், சரியாக ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்துச் செடிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் பூத்துவிடும். அந்தப் பூவின் ஆயுள் ஒரே நாள்!

செடியை மலைக்கு அனுப்பியவர்கள்

ஜப்பானில் ‘சிம்பிடியம்’ என்னும் வகையை வளர்த்தவர்கள், கோடை வந்தால் தொட்டிகளை வண்டியில் ஏற்றி மலை மேலே கொண்டுபோய் வைத்தார்கள். அதற்கு ‘மலையேற்றுதல்’ என்றே அவர்கள் மொழியில் பெயர். தைவான் தீவிலும் அந்துப்பூச்சி ஆர்க்கிட்டைச் சமவெளியில் வளர்த்து, பூக்க வைப்பதற்காக மலைக்குக் கொண்டு போனார்கள். குளிர்சாதன வசதியுள்ள கூடங்கள் பின்னால் பெருகின. பணமும் மின்சாரமும் செலவழித்து அவர்கள் உண்டாக்குவது, நம் பக்கத்து மலைகளில் மார்கழியில் இலவசமாகக் கிடைக்கும் குளிரைத்தான்.

இனி குப்பத்தைப் பார்ப்போம். சென்னையிலிருந்து வரும் ரயில் ஜோலார்பேட்டையைத் தாண்டியதும் பச்சூர், மல்லனூர் வழியாக மேட்டில் ஏறுகிறது. குப்பம் வந்து சேரும்போது கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 அடி உயரம் வந்துவிட்டோம். பெங்களூர் இன்னும் மேலே, சுமார் 3,000 அடியில். டிசம்பரில் சென்னையில் சராசரிப் பகல் வெப்பம் சுமார் 29 டிகிரி, இரவு 22. பெங்களூரில் பகல் சுமார் 27, இரவு 16. குப்பத்தின் உயரம் இரண்டு ஊர்களுக்கும் இடையில் இருந்தாலும், பெங்களூருக்குத்தான் நெருக்கம். மரநிழலில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறையும். சென்னை வீட்டில் பிடிவாதம் பிடிக்கும் செடி, குப்பத்திலும் கோலார் பகுதியிலும் பெங்களூரிலும் மனம் இரங்குவதற்கு இதுவே காரணம்.

குப்பம் வட்டாரத்துப் பூ விவசாயிகளுக்குக் காலத்தைப் பார்த்துப் பூக்கும் செடி புதிதல்ல. சாமந்தி, இரவு நீள்வதைப் பார்த்து மொட்டு வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சாமந்தி குவிவது அதனால்தான். சாமந்தி இருட்டைக் கணக்குப் பார்க்கிறது. ஃபெலனாப்சிஸ் பகல் சூட்டைக் கணக்குப் பார்க்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

செடிக்கு முற்றிய இலைகள் நாலைந்தாவது இருக்க வேண்டும். கார்த்திகை பிறந்ததும் தொட்டியை வடக்கு அல்லது கிழக்குத் தாழ்வாரத்துக்கு மாற்றலாம். காலை இளவெயில் படட்டும், உச்சிவெயில் கூடாது. தகரம், சிமெண்ட் ஷீட் கூரைகளுக்கு அடியில் வைக்கக் கூடாது. வெளிச்சம் இல்லாத மூலையும் உதவாது. வெளிச்சம் குறைந்தால் பூவும் குறையும்.

ஒரு தெர்மாமீட்டரைச் செடியின் உயரத்தில் தொங்கவிட்டுப் பகல் இரண்டு மணிக்குப் பார்க்க வேண்டும். 26 டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. கூடினால் இன்னும் நிழலான இடத்துக்கு மாற்றலாம். அருகில் ஈரச் சாக்கைத் தொங்கவிடலாம். தண்ணீரைக் காலையில் ஊற்றி, இலையின் நடுக்குருத்தில் தேங்காமல் வடித்துவிட வேண்டும். இரவு 15 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் செடியை வீட்டுக்குள் எடுத்து வைப்பது நல்லது.

இப்படி ஐந்தாறு வாரம் காத்தால், இலைக்கு அடியிலிருந்து பச்சை மூக்குப்போல் ஒரு முளை எட்டிப் பார்க்கும். வேர் என்று நினைத்துக் கிள்ளிவிடக் கூடாது. அதுவே பூந்தண்டு. மலர இன்னும் மூன்று மாதம் போல ஆகும். இளந்தண்டு மீண்டும் கடும் சூட்டில் அகப்பட்டால், பூவுக்குப் பதிலாக அதில் பிள்ளைக்கன்று முளைப்பதும் உண்டு. ஆகையால் தை, மாசியிலும் நிழல் தேவை.

கடன் வாங்குவதற்கு முன்

தொட்டி ஒன்று பூக்காவிட்டால் நஷ்டம் சில நூறு ரூபாய். ‘ஆர்க்கிட் வளர்த்தால் லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கலாம்’ என்ற பேச்சைக் கேட்டு நிலத்தை அடகு வைப்பவருக்கு நஷ்டம் அத்தோடு நிற்காது. பிளாஸ்டிக் போர்த்திய பசுமைக்குடில், வெயிலில் வெளியிடத்தைவிட அதிகமாகச் சூடாகும். வெளியே 26 டிகிரி இருக்கும் மார்கழிப் பகலிலும் உள்ளே 30-ஐத் தாண்டலாம். மின்விசிறியும் ஈரத்திரையும் வைத்துக் குளிர்விக்க வேண்டும். அதற்கு மின்சாரமும் தண்ணீரும் தடையில்லாமல் வேண்டும். பூந்தண்டு விடும் வாரங்களில் விசிறி நின்று குடில் சூடேறிக் கிடந்தால் அந்தப் பருவத்துப் பூ கேள்விக்குறிதான். கட்டடத்துக்குச் செலவழிக்குமுன், நிழல் வலையின் கீழே ஒரு வருஷம் வெப்பத்தை எழுதி வைத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

வகையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சிக்கிம், கலிம்போங் பக்கத்துச் சிம்பிடியத்துக்கு இரவுக் குளிர் 10 முதல் 14 டிகிரி வரை இறங்க வேண்டும். குப்பத்து மார்கழி அதற்குப் போதாது. திருப்பதி, சென்னை போன்ற வெப்ப ஊர்களில் இருப்பவர்கள், தாய்லாந்திலும் கேரளத்திலும் வளர்க்கும் ‘டென்ட்ரோபியம்’ கலப்பின வகைகளை நாடலாம். அவற்றுக்குக் குளிர்காலம் தேவையில்லை.

காட்டு மரங்களில் ஒட்டியிருக்கும் ஆர்க்கிட்டைப் பறித்து வருவது மட்டும் வேண்டாம். காட்டில் கைவைப்பது சட்டப்படி குற்றம். அங்கே தழைத்த செடி வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பிழைப்பதுமில்லை.

பூக்கவில்லையே என்று மூலையில் ஒதுக்கிய ஆர்க்கிட் தொட்டி வீட்டில் இருந்தால், அதை எறிந்துவிட வேண்டாம். இலை பச்சையாக இருக்கும்வரை அதில் பூவும் இருக்கிறது. இந்தக் கார்த்திகையில் அதற்கு ஒரு நிழலான தாழ்வாரம் கொடுத்துப் பாருங்கள்.