கோம்பைக் குட்டியைக் கைக்குப் பழக்கும் முறை

போடிநாயக்கனூருக்குத் தெற்கே மலையடிவாரத்தில் உள்ள கோம்பை, அவ்வூர்ப் பெயரையே கொண்ட காவல் நாய்க்குப் பேர்போனது. செந்நிற உடலும் கறுத்த முகவாயும் குட்டை முடியும் கொண்ட இந்த நாய், அந்நியரை அண்டவிடாது. தோட்டக் காவலுக்கு இக்குணம் நல்லதே. ஆனால் வளர்ப்பவரையே காதையும் காலையும் தொடவிடாத நாய்க்கு உண்ணி எடுப்பதும் ஊசி போடுவதும் பெரும்பாடு. ஆகவே குட்டிப் பருவத்திலேயே பழக்கிவிட வேண்டும்.

தொடங்கும் பருவம்

8 வாரம் ஆகுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. சுமார் 14 வாரம் வரை குட்டி எதையும் எளிதில் ஏற்கும். வீட்டுக்கு வந்து 2, 3 நாள் கழித்து, தினமும் 5 நிமிடம் பழக்கினால் போதும். விளையாடிக் களைத்திருக்கும் நேரமே ஏற்றது.

முதலில் முதுகையும் கழுத்தையும் தடவ வேண்டும். சில நாளில் காது மடல், வாய், கால் விரலிடுக்கு என்று தொட்டுப் பார்க்கலாம். அமைதியாக இருந்தால் அவித்த முட்டையில் சிறு துண்டு கொடுக்கலாம். திமிறினால் அடிக்கவோ அமுக்கிப் பிடிக்கவோ கூடாது; மறுநாள் இன்னும் குறைந்த நேரம் பழக்க வேண்டும். நகவெட்டியை முதலில் நகத்தின் மேல் வெறுமனே வைத்துக் காட்டி, பிறகு நுனியை மட்டும் வெட்ட வேண்டும். உள்ளே தள்ளி வெட்டினால் ரத்தம் வரும். குட்டியும் மறுமுறை காலைத் தராது.

உண்ணியும் அட்டையும்

குரங்கணி, போடிமெட்டுச் சரிவுகளில் சுற்றிவரும் நாயைத் தினமும் மாலையில் சோதிப்பது நல்லது. காதின் உட்புறம், கழுத்து, அக்குள், விரலிடுக்கு ஆகியவை உண்ணி தங்கும் இடங்கள். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். கையால் நசுக்கக் கூடாது. மழைக்காலத்தில் அட்டை கடித்த இடத்தையும் கவனிக்க வேண்டும். காய்ச்சல், பசியின்மை, வெளிறிய ஈறு, காப்பி நிறச் சிறுநீர் ஆகியவை உண்ணிக் காய்ச்சலின் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஏலத்துக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை நாய்மேல் பூசவே கூடாது. அது தோல் வழியாகவும், நாய் நக்கும்போது வாய் வழியாகவும் உள்ளே செல்லும், குட்டி இறந்துவிடக்கூடும். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையும் மருத்துவர் அளவு சொல்லாமல் பயன்படுத்தக் கூடாது. மருந்து தெளிக்கும் நாளில் குட்டியைத் தோட்டத்துக்குள் விடாதிருப்பது நல்லது.

குளியலும் தடுப்பூசியும்

மாதம் 1 அல்லது 2 முறை குளிப்பாட்டினால் போதும். மலையில் குளிர் அதிகமாதலால், வெயில் ஏறிய பின் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, ஈரம் போகத் துவட்ட வேண்டும். காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. மற்ற நாட்களில் பருத்தித் துணியால் துடைத்துவிடலாம்.

மருத்துவர் சொல்லும் தவணைப்படி குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். 3 மாத வயதில் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி போட்டு, ஓராண்டில் மீண்டும் போட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும்படி தொடர வேண்டும். இந்நோய் கண்டபின் நாயையும் மனிதரையும் பிழைக்க வைப்பது அரிது. கைக்குப் பழகிய நாய்க்கு இந்த ஊசி போடுவது எளிது.