உருமறைப்பு

உருமறைப்பு என்பது ஓர் உயிரினமோ பொருளோ தான் இருக்கும் சூழலிலிருந்து வேறுபட்டுத் தெரியாதவாறு நிறம், வடிவம், கோலம் ஆகியவற்றால் மறைந்திருப்பதைக் குறிக்கும். இரையாகும் விலங்குகள் தப்பவும், கொன்றுண்ணிகள் இரையை நெருங்கவும் இது உதவுகிறது. போர்க்கலையில் வீரர்களையும் தளவாடங்களையும் எதிரியின் பார்வையிலிருந்து காக்கப் பயன்படுகிறது.

இயற்கையில்

பின்னணியின் நிறத்தை ஒத்திருப்பதே எளிய முறையாகும். புலியின் வரிகள் உடலின் எல்லைக்கோட்டைச் சிதைத்துக் காட்டுகின்றன. அதன் செம்மஞ்சள் நிறம் மனிதருக்குப் பளிச்செனத் தெரிந்தாலும், மானின் கண்ணுக்குப் பச்சையிலிருந்து எளிதில் பிரித்தறிய முடியாதது. எனவே உருமறைப்பை அளக்கும்போது, பார்க்கும் விலங்கின் கண்ணைக் கொண்டே அளக்கவேண்டும். கணவாய் நொடிக்குள் தன் தோலின் நிறத்தை மாற்றவல்லது. வியப்பு என்னவெனில், பெரும்பாலான கணவாய்கள் நிறக்குருடானவை.

இங்கிலாந்தின் மிளகு அந்துப்பூச்சி பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. வெளிர்நிறமான இப்பூச்சியின் கரிய வகை மான்செசுடரில் 1848 இல் பதிவு செய்யப்பட்டது. ஆலைப்புகையால் மரப்பட்டைகள் கறுத்தபின் வெளிர்நிறப் பூச்சிகள் பறவைகளின் கண்ணில் பட்டு இரையாயின. 1895 அளவில் அந்நகரில் ஏறத்தாழ 98% பூச்சிகள் கரியனவாக இருந்தன. 1956 இல் தூய காற்றுச் சட்டம் வந்து புகை குறைந்தபின் வெளிர்நிற வகை மீண்டும் பெருகியது. 1950களில் கெட்டில்வெல் செய்த ஆய்வுகளின் முறை குறித்து ஐயங்கள் எழுந்தன. எனினும், மைக்கேல் மசெரசு 2001 முதல் கேம்பிரிட்சில் செய்த நீண்ட ஆய்வு பறவைகளே காரணம் என்பதை உறுதிப்படுத்தியது. அதன் முடிவுகள் அவர் மறைவுக்குப்பின் 2012 இல் வெளியாயின.

போரில்

தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் துப்பாக்கிகள் வரும்வரை பளிச்சென்ற சீருடைகளே வழக்கம். 1840களில் பெசாவரில் ஆங்கிலேயரின் வழிகாட்டிப் படை புழுதி நிற உடையை அணிந்தது. தமிழிலும் வழங்கும் காக்கி என்னும் சொல், பாரசீகத்தில் புழுதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகும்.

பிரான்சு இம்மாற்றத்தை ஏற்கத் தயங்கியது. 1914 இல் அதன் காலாட்படை சிவப்புக் காற்சட்டையுடனேயே போருக்குச் சென்றது. அவ்வாண்டு ஆகத்து 22 அன்று மட்டும் ஏறத்தாழ 27,000 பிரெஞ்சு வீரர்கள் இறந்தனர். இயந்திரத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் இவ்விழப்பிற்கு முதன்மைக் காரணங்கள். ஆயினும் சிவப்பு நிறம் அவர்களைக் காக்கவில்லை என்பது வெளிப்படை. 1915 இல் வெளிர்நீலச் சீருடை பரவியது. அதே ஆண்டு ஓவியர்களைக் கொண்ட உருமறைப்புப் பிரிவும் அமைக்கப்பட்டது.

கடலில் கப்பலை மறைப்பது அரிது. புகைபோக்கியின் புகையே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே 1917 இல் பிரித்தானிய ஓவியர் நார்மன் வில்கின்சன் வேறுவழியை முன்வைத்தார். கப்பல்களின்மேல் முரண்பட்ட பட்டைகள் தீட்டப்பட்டன. கப்பலின் திசையையும் வேகத்தையும் நீர்மூழ்கியிலிருந்து பார்ப்பவர் தவறாகக் கணிக்கச் செய்வதே நோக்கம். இதனால் எத்தனை கப்பல்கள் தப்பின என்பதை அக்காலப் புள்ளிவிவரங்கள் தெளிவாகக் காட்டவில்லை.

இன்று அகச்சிவப்புக் கருவிகள் உடலின் வெப்பத்தைக் கொண்டே ஒருவரைக் கண்டுபிடித்துவிடுகின்றன. ஆதலால் நிறத்தோடு வெப்பத்தையும் மறைக்கும் வலைகளும் துணிகளும் படைகளில் பயன்படுகின்றன.