இயந்திரம் நின்றால் விமானம் விழுமா?

சென்ற விடுமுறைக்கு டில்லியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போனேன். மகன் வீட்டிலிருந்து ஊர் திரும்பும் பாட்டி ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருந்தார். சென்னைக்கு இன்னும் அரைமணிப் பயணம் இருக்கையில் இயந்திர இரைச்சல் சட்டென்று அடங்கியது. பாட்டி என் கையைப் பற்றிக்கொண்டு, "தம்பி, எஞ்சின் நின்னுபோச்சா?" என்றார். "பயப்படாதீங்க பாட்டி" என்றேன். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கும் எனக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. உண்மையில் எனக்கும் பயந்தான். திரும்பி வந்து தேடிப் படித்தேன். படித்ததை இங்கே சொல்கிறேன்.

விமானத்தைத் தாங்குவது இயந்திரமன்று, இறக்கை. இறக்கையின்மீது காற்று போதிய வேகத்தில் ஓடும்வரை விமானம் விழாது. அந்த வேகத்தைக் கொடுப்பதே இயந்திரத்தின் வேலை. இரண்டில் ஒன்று நின்றால், விமானி உயரத்தைக் குறைத்துக்கொண்டு மற்றதன் துணையால் அருகிலுள்ள நிலையத்தை அடைவார். எல்லாமே நின்றால்? மேட்டிலிருந்து மிதிக்காமல் இறங்கும் சைக்கிளைப்போல, உயரத்தைச் செலவழித்து வேகத்தைக் காப்பாற்றுவார். பயத்தில் மூக்கை உயர்த்திப் பிடித்தால் வேகம் போய்விடும், இறக்கையும் கைவிடும். ஆகவே உயரமே விமானியின் சேமிப்பு.

1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 விமானம், ஜாவாத் தீவருகே 37,000 அடி உயரத்தில் கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் புகுந்தது. உலர்ந்த சாம்பல் ராடாரில் தெரியவில்லை. சில நிமிஷங்களில் நான்கு இயந்திரங்களும் அணைந்தன. விமானத்தில் 263 பேர்.

இத்தகைய விமானம் ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் சுமார் பதினைந்து கிலோமீட்டர் முன்னேறும். தலைமை விமானி எரிக் மூடி, விமானத்தை ஜகார்த்தா பக்கம் திருப்பினார். உள்ளே காற்றழுத்தம் குறைந்தது. துணை விமானியின் பிராணவாயு முகமூடியோ பழுதாகிவிட்டது. அவர் மூச்சுவிட வேண்டுமே என்று, சேமித்த உயரத்தில் ஒரு பகுதியைத் தலைவர் விரைந்து செலவிட்டார். இதற்கிடையே இயந்திரங்களை மூட்டும் முயற்சியும் ஓயவில்லை. மெலிந்த காற்றில் அணைந்த இயந்திரம் எளிதில் பற்றாது. கீழே, அடர்ந்த காற்றில் பற்றும். முன்னே ஜாவாவின் மலைகள். 12,000 அடிக்குமேல் நிற்க முடியாவிட்டால் கடலில் இறக்குவதென்று தீர்மானித்திருந்தனர். சுமார் 13,500 அடியில் ஓர் இயந்திரம் உயிர்பெற்றது, பிறகு மற்றவையும். உள்ளே உருகி ஒட்டியிருந்த சாம்பல், குளிர்ந்து இறுகி உதிர்ந்ததே காரணம். ஒன்று மறுபடியும் கெட்டது. மூன்றைக் கொண்டு ஜகார்த்தாவில் இறங்கினர். 263 பேரும் பிழைத்தனர்.

அன்று எங்கள் விமானத்தில் நடந்தது என்ன? இறங்கத் தொடங்கும்போது விமானிகள் இயந்திர வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடுவார்கள்; விமானம் ஏறக்குறைய மிதந்தே இறங்கும். பாட்டி கேட்டது அந்த அமைதியைத்தான்.

அவரை மறுபடி சந்திப்பேனோ, அறியேன். நண்பர்களே, ஊருக்குப் போகும்போது பக்கத்தில் யாரேனும் அவ்வாறு கேட்டால், எனக்காக இதைச் சொல்லிவிடுங்கள்.