ஓட்டோக் கொட்டகை அறையாகும்போது

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பெருந்தொகையானோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் கிடுகுக் கொட்டில்களில் தஞ்சமடைந்தனர். உலக வங்கியின் நிதியுதவியுடன் 2007இல் ஆரம்பமான வீடமைப்புத் திட்டத்தால் பல குடும்பங்களுக்குக் கல்வீடு கிடைத்தது. அன்று மடியிலிருந்த மகள் இன்று மணப்பெண். வீடோ அதே அளவுதான். அதனால் ஓட்டோ விடும் கொட்டகையைச் சுவர் வைத்து அடைத்து, அறையாக்க நினைக்கிறோம்.

"எங்கள் வளவு, யாரைக் கேட்க வேண்டும்?" என்று எண்ணிவிடாதீர்கள், சகோதரிகளே. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மனிதர் வசிப்பதற்கெனக் கட்டப்படாத கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்றுவதும் ஒரு கட்டட மாற்றமே. அதற்கு வரைபடமும் எழுத்துமூல அனுமதியும் வேண்டும். அனுமதியின்றிக் கட்டினால் வழக்கு வரலாம். இடிக்கும்படி நீதவான் கட்டளையிடவும் முடியும். சிறுகச் சிறுகச் சேர்த்த காசு கல்லும் மண்ணுமாகிவிடும்.

ஆகவே கல் இறக்குமுன் காணி உறுதியுடன் உங்கள் பிரதேச சபைக்கோ நகரசபைக்கோ செல்லுங்கள். வீதிக்கும் எல்லைக்கும் எவ்வளவு இடம் விட வேண்டும் எனத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அரச அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். கடலோரமாயின் இன்னொரு படியும் உண்டு. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடலிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயமாகக் கொள்கிறது. அங்கே கட்டுமுன் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவையா என்று அறிந்துகொள்ளுங்கள்.

உறுதி இறந்த அல்லது காணாமற்போன கணவரின் பெயரில் இருந்தால் மனந்தளர வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை பெறலாம்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவையும் உள. கொட்டகைத் தரை பெரும்பாலும் முற்றத்தோடு சமமாக, வெளிப்பக்கம் சரிந்திருக்கும். அதை உயர்த்தாவிட்டால் மாரியில் வெள்ளம் உள்ளே வரும். முன்புறத்தை அடைத்ததும் காற்று நின்றுவிடும். எனவே வெளிவெளியை நோக்கி யன்னல் வையுங்கள். தகரக் கூரையாயின் வெக்கை தாங்காது, உட்கூரை அடியுங்கள். கழுவாத கடல் மணலைக் கொங்கிறீற்றுக்குப் பாவித்தால் உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

வேலை முடிந்ததும் சபையிடம் இணக்கச் சான்றிதழைக் கேட்டுப் பெற்று, உறுதியோடு பத்திரப்படுத்துங்கள். ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நாம். நாளை யாரும் எழுப்ப முடியாத அறையை நம் பிள்ளைக்குக் கொடுப்போம்.