ஆறிய எஞ்சின் பொய் சொல்லும்

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை. உஸ்மான் சாலையில் ஜவுளி எடுத்து முடித்துக் காரில் ஏறும்போது மணி இரண்டு. வண்டி கிளம்பியது. பனகல் பூங்காவை எட்டுவதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. இருமல் இல்லை, திணறல் இல்லை. சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்த மாதிரி நின்றது. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரர் சொன்னதை இந்த இணைப்பிதழில் அச்சிட முடியாது. ஆனால் வண்டியைத் தள்ளி ஓரங்கட்ட முதலில் இறங்கி வந்தவரும் அவர்தான். நாற்பது நிமிடம் கழித்து ரெக்கவரி வண்டி வந்தது. ஓட்டிவந்த தம்பி, “சாவியக் குடுங்க சார்” என்று வாங்கி ஒரே திருகு. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“நல்லாத்தானே சார் இருக்கு?”

அடுத்த நான்கு மாதத்தில் இதே கூத்து ஆறு முறை நடந்தது. லஸ் முனையில் ஒரு தடவை, அடையாறு பாலத்தின் மேல் ஒரு தடவை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு ஐந்து முறை போனேன். பேட்டரி மாற்றினார்கள். ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். பெட்ரோல் பம்ப்பையும் மாற்றினார்கள். வாரண்டியில் போனது கொஞ்சம், என் பையிலிருந்து போனது கொஞ்சம். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டின் அடியில் அதே வரி: கோளாறு தென்படவில்லை. அட்வைசர் நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு உண்மையாகவே தென்படவில்லை. ஏன் தென்படவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எழுபதுகளில் என் பெரியப்பாவிடம் ஓர் அம்பாசடர் இருந்தது. கத்திரி வெயிலில் வெளியூர் போனால், டிக்கியில் ஒரு கூஜா தண்ணீரும் கிழிந்த வேட்டித் துண்டும் கட்டாயம் இருக்கும். வண்டி நின்றால் பானெட்டைத் திறப்பார், துணியை நனைத்து எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் ‘ஏ.சி. பம்ப்’ மேல் சுற்றுவார், வெற்றிலை போட்டுக்கொள்வார். வெற்றிலை தீர்வதற்குள் வண்டி கிளம்பிவிடும். அந்தப் பம்ப்புக்கும் குளிர்சாதனத்துக்கும் சம்பந்தமில்லை. பெட்ரோல் டேங்கிலிருந்து எரிபொருளை உறிஞ்சித் தரும் பம்ப் அது. பெட்ரோல் என்பது பல திரவங்களின் கலவை. அவற்றில் லேசானவை, நம் ஊர் வெயில் அளவுச் சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவதால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். திரவத்துக்காகச் செய்த பம்ப், ஆவியைத் தள்ள முடியாமல் வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். ஈரத்துணி சூட்டை இறக்கியதும் ஆவி மறுபடி திரவமாகும்.

இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. உறிஞ்சாமல், காற்றழுத்தத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் தள்ளுகிறது. அதனால் பெரியப்பாவின் நோய் அநேகமாக ஒழிந்துவிட்டது. சூட்டில் விழுந்து, ஆறியதும் எழுந்துகொள்ளும் அந்தக் குணம் மட்டும் வேறு ஓர் உறுப்புக்கு இடம் மாறியிருக்கிறது.

ஓடுகிற எஞ்சினைவிட, ஓடி நின்ற எஞ்சின்தான் சுற்றியிருக்கும் பாகங்களை அதிகம் வாட்டுகிறது. ஓடும்போது தண்ணீர் சுழல்கிறது, விசிறி சுற்றுகிறது, எதிர்க்காற்று அடிக்கிறது. நிறுத்தியதும் பெரும்பாலும் எல்லாம் ஓய்ந்துவிடும். தொண்ணூறு டிகிரியில் இருக்கும் எஞ்சின் கட்டையும், அதைவிடப் பலமடங்கு சூடான புகைக்குழாயும் தங்கள் வெப்பத்தை மூடிய பானெட்டுக்குள் கக்குகின்றன. முதல் பத்து, இருபது நிமிடங்களுக்கு உள்ளே சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கும். கடையில் ஏறி ஒரு புடவை பார்த்துவிட்டு இறங்கும் நேரம் அது. (ஒரே புடவையோடு இறங்குகிறவர்களாக இருந்தால்.)

அந்தச் சூட்டில் வேகும் பாகங்களில் ஒன்று கிராங்க் சென்சார். கட்டைவிரல் பருமன்தான். கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றும் பல் சக்கரத்தை இது பார்த்துக்கொண்டே இருக்கும். பல வண்டிகளில் அந்தச் சக்கரத்தில் அறுபது பல்லுக்கு இடம் வெட்டி, இரண்டைப் பிடுங்கிவிட்டிருப்பார்கள். பொக்கை விழுந்த அந்த இடத்தை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், விநாடிக்கு 2,900 பற்கள் சென்சாரைக் கடக்கின்றன. இந்தச் சேதி நின்றுபோனால் எப்போது தீப்பொறி போடுவது, எப்போது பெட்ரோல் தெளிப்பது என்று தெரியாது. இரண்டையும் கம்ப்யூட்டர் நிறுத்திவிடும்.

எங்கள் வண்டியில் இருந்தது காந்தமும் தலைமுடி போன்ற செம்புக் கம்பிச் சுருளும் கொண்ட வகை. செம்பு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 17 பங்கு நீளும். சுற்றி வார்த்த பிளாஸ்டிக் அதைவிட அதிகமாக நீளும். தினமும் இப்படி இழுபடும் கம்பியில் எங்கோ ஓரிடத்தில் விரிசல் விடுகிறது. குளிர்ந்திருக்கும்போது விரிசலின் இரு முனைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் போகும், மீட்டர் வைத்துப் பார்த்தாலும் சரியாகவே காட்டும். சூடேறினால் முனைகள் விலகும். விலகல் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே போதும்.

இதில் வெட்கப்பட ஏதுமில்லை, உலகப் பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. ஃபோர்டு நிறுவனம் 1980களின் தொடக்கம் முதல் 1990களின் நடுப்பகுதிவரை கோடிக்கணக்கான வண்டிகளில் பற்றவைப்புக்கான மின்னணுப் பெட்டியை, எஞ்சினோடு ஒட்டிய டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே பொருத்தியது. சூடு மிஞ்சினால் பெட்டி செயலிழக்கும், வண்டி நடுச்சாலையில் நிற்கும், ஆறினால் ஓடும். மெக்கானிக் கைக்கு வரும்போது எல்லாம் சரியாக இருக்கும். நிறுவனம் குறையை மறுத்தது. 2000இல் கலிபோர்னியா நீதிபதி மைக்கேல் பலாச்சி, அந்த மாநிலத்தில் ஓடும் அத்தகைய வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும்படி உத்தரவிட்டார். மறு ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

“கோளாறு இருந்தா ஸ்கேனர்ல வந்திருக்குமே சார்” என்பார் அட்வைசர். நியாயமான கேள்வி. இந்தியாவில் கார்களுக்குள் தன்னைத்தானே சோதிக்கும் ஏற்பாடு 2010 ஏப்ரலில் கட்டாயமாகி, 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டத்துக்கு வந்தது. ஆனால் அந்த ஏற்பாடு முக்கியமாகப் புகையைக் கண்காணிக்கப் பிறந்தது. பல கோளாறுகளை அது ஒருமுறை பார்த்தவுடன் நம்பாது. அடுத்த ஓட்டத்திலும் பார்த்தால்தான் விளக்கைப் போடும். கிராங்க் சென்சார் விஷயத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. சென்சார் செத்தாலும் பல் சக்கரச் சேதி வராது, எஞ்சினே நின்றாலும் வராது. வேறு சாட்சி இல்லாதவரை கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். இவற்றையெல்லாம் தாண்டி நினைவில் ஏதாவது பதிவாகியிருந்தால், அதுவும் பேட்டரி முனையைக் கழற்றியதும் பல வண்டிகளில் அழிந்துபோகும். எங்கள் வண்டிக்கு முதலில் செய்த வைத்தியமே பேட்டரி மாற்றியதுதான்.

சென்னைக்கென்று சில தனிச் சிக்கல்களும் உண்டு. பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து ஒவ்வொரு இணைப்பிலும் பூசுகிறது. பேட்டரியை வண்டி உடலோடு சேர்க்கும் எர்த் பட்டையில் துரு ஏறி, ஓம் கணக்கில் நூறில் ஒரு பங்கு தடை கூடினால் போதும்: ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கையில் பன்னிரண்டு வோல்ட்டில் இரண்டு வோல்ட் அங்கேயே காணாமல் போகும். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் கார்கள் மூழ்கின. காயவைத்து, கழுவி, ஓட்டத் தொடங்கினார்கள். வயருக்குள் புகுந்த தண்ணீர் அவ்வளவு எளிதில் வெளியேறாது. செம்பு இழைகளுக்கு இடையே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மேலே ஊர்ந்து போகும். மாதங்கள் கழித்து வெள்ளமே தொடாத ஓர் இணைப்பில் பச்சைக் களிம்பு பூக்கும். உயிரைப் பற்றிக்கொண்டிருக்கும் ஆணவத்துக்குச் சைவ சித்தாந்திகள் செம்பில் படியும் களிம்பை உவமை காட்டினார்கள்: வெளியிலிருந்து வந்து ஒட்டியது அல்ல, கூடவே இருப்பது என்பதற்காக. வேதியியல்படி அந்த உவமை சரியில்லைதான், களிம்புக்கு ஈரமும் காற்றும் வேண்டும். ஆனால் அதைத் தேய்த்து முடித்தவர் யாருமில்லை என்பதை எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் ஒப்புக்கொள்வார்.

வயரைக் கடிக்கும் எலியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மயிலாப்பூரில் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

எங்கள் வண்டி எப்படிப் பிடிபட்டது? நான்காவது முறை நின்றபோது டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். தேதி, மணி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஏ.சி. ஓடியதா, பெட்ரோல் எவ்வளவு, அதற்கு முன் எங்கே எவ்வளவு நேரம் நிறுத்தினோம் எல்லாம் குறித்தேன். சில பதிவுகளுக்குள்ளேயே கண்ணில் பட்டுவிட்டது: நின்றதெல்லாம் மதியம், அதுவும் பத்து, பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பிய பிறகு. நான் சர்வீஸுக்கு விட்டதோ காலை எட்டரைக்கு, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டி. அவர்கள் சோதித்தது பானெட்டைத் திறந்துவைத்து.

ஆறாவது தடவை மதியம் ஒன்றரைக்குப் போனேன். வாசலிலேயே ஏ.சி.யைப் போட்டு அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டேன். நிறுத்தினேன். பன்னிரண்டு நிமிடம் அட்வைசருடன் டீ குடித்தேன். கிளப்பி அடுத்த தெருமுனைக்குப் போவதற்குள் நின்றது. இவ்வளவு சந்தோஷமாக ஒரு கார் நின்று நான் பார்த்ததில்லை. டெக்னீஷியன் ஓடிவந்து ஸ்கேனரை மாட்டினார். சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. திரையில் எஞ்சின் சுற்று பூஜ்யம். “கிராங்க் சென்சார்” என்றார். உறுதி செய்ய அவர் செய்த காரியம்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. ஒரு வேஸ்ட் துணியைத் தண்ணீரில் நனைத்து, கையைக் கீழே விட்டுச் சென்சாரின்மேல் சுற்றினார். இரண்டு நிமிடத்தில் எஞ்சின் பிடித்தது. வெற்றிலைதான் இல்லை.

எங்களுக்கு நேர விரயம், பண விரயம். அதோடு போயிற்று. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளம் செவிலியர் 2010இல், ஓடும்போதே எஞ்சின் அணைகிறது என்று தன் ஷெவர்லே கோபால்ட்டை டீலரிடம் விட்டார். சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சில நாள்களுக்குள் அதே கார் விபத்துக்குள்ளாகி இறந்தார். குடும்பம் வழக்குப் போட்டது. மார்க் ஹூட் என்ற பொறியாளர் பழைய இக்னிஷன் சுவிட்சையும், புதிதாக வாங்கிய அதே எண் கொண்ட சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளே ஸ்பிரிங்கோடு இருக்கும் ஒரு முளை, பழையதைவிடப் புதியதில் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடுதல் நீளம். பழையதில் சாவிக்கு இறுக்கம் போதாது. கனமான சாவிக்கொத்தோ சாலைக் குலுக்கலோ அதை நழுவவிடும், எஞ்சினோடு காற்றுப்பையும் செயலிழக்கும். பாகத்தை மாற்றிய ஜெனரல் மோட்டார்ஸ் அதன் எண்ணை மாற்றவில்லை. அதனால் எந்த டீலராலும் வித்தியாசத்தைக் கண்டிருக்க முடியாது. 2014இல் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 124 மரணங்களுக்கு இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது.

இப்படித் திருந்தாத காரை அமெரிக்கர்கள் எலுமிச்சை என்பார்கள். நாம் புது வண்டியைப் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சையை நசுக்கிவிட்டுத்தான் சாலையில் இறக்குகிறோம். ஆனால் எலுமிச்சைச் சட்டம் அங்கேதான் இருக்கிறது. 1982இல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கிவைத்தது: ஒரே குறையை நான்கு முறை முயன்றும் சரிசெய்ய முடியாவிட்டாலோ, வண்டி முப்பது நாள் ஒர்க்ஷாப்பில் கிடந்தாலோ, மாற்றுக் காரோ பணமோ கேட்கலாம். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. மாருதி உத்யோக் தொடர்ந்த ஒரு மேல்முறையீட்டில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி தரும் உரிமை பழுதான பாகத்தை மாற்றிக்கொள்ளத்தான், காரையே மாற்றிக்கொள்ள அல்ல என்று கூறியது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். பொருளை ஆய்வுக்கூடச் சோதனைக்கும் ஆணையம் அனுப்பலாம். ஆய்வுக்கூடமும் காலை எட்டரை மணிக்கு ஆறிய எஞ்சினைத்தான் பார்த்தது என்றால், ஜாப் கார்டின் அதே வரிதான் அங்கிருந்தும் வரும்.

டொயோட்டா கார்கள் தாமாக வேகமெடுக்கின்றன என்ற புகாரை நாசா பொறியாளர்கள் பத்து மாதம் ஆராய்ந்தார்கள். 2011இல் வந்த அறிக்கை, மின்னணுக் கோளாறுதான் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. கிடைக்கவில்லை என்பதால் அப்படி நடக்கவே முடியாது என்று பொருளல்ல என்றும் அதிலேயே எழுதினார்கள். எந்தெந்த நிலையில் எதை எதைச் சோதித்தோம் என்பதையும் பக்கம் பக்கமாகச் சொன்னார்கள்.

நம் ஊர் ஜாப் கார்டில் அத்தனை பக்கம் கேட்கவில்லை. ஒரு வரி போதும்: எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் ஓட்டி, எஞ்சின் எவ்வளவு சூட்டில், ஏ.சி. போட்டா போடாமலா. ‘கோளாறு தென்படவில்லை’ என்ற கார்டை அடுத்த முறை யாராவது நீட்டினால், அந்த ஒரு வரியை எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.