துப்பாக்கி சொல்லித் தர்றவர் எங்கே பார்க்கணும்?

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கத்தில் இருக்கும் துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வீரர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, வீட்டில் இருந்த 11 வயசுப் பையன் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சாவூர் மருத்துவமனையில் அவன் இறந்துபோனான். தளத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

அழகர்கோவிலில் இருந்து மேலூர் வழியாகக் கிளம்பினால் ரெண்டரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடம். இங்கே மாதிரியே அங்கேயும் பாறைக் குன்று, அடிவாரத்தில் வீடுகள், ஆடு மேய்க்கிறவர்கள். அன்றைக்கு யார் மேல் தப்பு என்பதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், துப்பாக்கி என் தொழில் கிடையாது. எனக்கு இருந்த கேள்வி ஒன்றுதான்: துப்பாக்கி சுடச் சொல்லித் தருகிற ஒருவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? அதைத் தேடிப் படித்ததில் புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டம். நம்ம நாட்டில் ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. அதற்கான பழைய 1962 விதிகளை எடுத்துவிட்டு, 2016-ல் புது ஆயுத விதிகளைக் கொண்டுவந்தார்கள். லைசென்ஸ் கேட்கிறவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று அதில் 10-வது விதி சொல்கிறது. துப்பாக்கியை எப்படிக் கையாள்வது, எப்படிச் சுடுவது, எப்படிப் பராமரிப்பது, எப்படிப் பூட்டி வைப்பது என்று பாடத்திட்டமும் அதிலேயே இருக்கு. நல்ல விஷயம்தான். ஆனால் பாடத்திட்டம் இருந்தால் மட்டும் வாத்தியார் நல்லவர் ஆகிவிடுவாரா? பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் பதில் தெரியும்.

"ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர், அவருக்குத் தெரியாததா?" என்று நம்ம பக்கம் சொல்வார்கள். அவருக்குச் சுடத் தெரியும், சந்தேகமே இல்லை. சொல்லித் தருவது அதைவிட வேறு வேலை. எல்லைப் பாதுகாப்புப் படையே இதற்காக இந்தூரில் ஆயுதப் பயிற்சிக்குத் தனிப் பள்ளி நடத்துகிறது. விளையாட்டுப் பக்கம் சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்கு டி, சி, பி, ஏ என்று படிப்படியாக உரிமம் தருகிறது. பதக்கம் வாங்கியவர் என்பதற்காக யாரையும் நேரே மேல் படியில் உட்கார வைப்பதில்லை.

இந்த வித்தியாசத்தைக் காட்டும் ஒரு சம்பவம் 2014 ஆகஸ்ட் 25 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்தது. சுற்றுலாப் பயணிகள் வந்து சுட்டுப் பார்க்கும் தளம். ஒன்பது வயசுச் சிறுமி கையில் ஊசி சப்-மெஷின் கன். முதலில் ஒற்றைக் குண்டு சுட வைத்தார் பயிற்சியாளர். அடுத்து ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றினார். பின்னுதைப்பில் துப்பாக்கி மேலேயும் இடப்பக்கமும் திரும்பி, இடப்பக்கம் நின்ற அவர் மேலேயே குண்டு பட்டது. அவர் இறந்தார். அவரும் ராணுவத்தில் இருந்தவர்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஊசி நிமிஷத்துக்குச் சுமார் 600 குண்டு சுடும், அதாவது நொடிக்குப் பத்து. ஏதோ தப்பு என்று கண் பார்த்துக் கை நகரக் கால் நொடி ஆகும் என்று வைத்தால், அதற்குள் ரெண்டு மூணு குண்டு போய்விடும். பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். அதனால் விவரமான பயிற்சியாளர்கள் புது ஆளுக்கு முதலில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். துப்பாக்கி எகிறினாலும் அடுத்த குண்டு உள்ளே இருக்காது. தப்பு நடக்கும் என்று எதிர்பார்த்து, நடந்தாலும் உயிர் போகாதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்வதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை.

மறுபடி நார்த்தாமலைக்கு வருவோம். ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் வகுத்த நான்கு விதிகள் இன்றைக்கு உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கு. எல்லாத் துப்பாக்கியையும் தோட்டா போட்டதாகவே நினை. அழிக்க விரும்பாத எதையும் நோக்கி நீட்டாதே. குறி வைக்கும்வரை விசையில் விரல் வைக்காதே. குறி எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சுடு. முதல் மூன்றும் சுடுகிறவர் கையில் இருக்கு. நாலாவது அப்படி இல்லை. வரிசையில் படுத்துக் குறி பார்க்கிறவருக்கு மண்மேட்டுக்குப் பின்னால் ஊர் இருப்பது எப்படித் தெரியும்? அது பயிற்சி நடத்துகிறவர் பார்க்க வேண்டிய வேலை.

என்.சி.சி. பிள்ளைகள் சுடும் .22 சின்னக் குண்டே ஒரு மைல் தாண்டிப் போய் ஆளைக் காயப்படுத்தக்கூடியது. ராணுவ ரைபிள் குண்டு மூணு கிலோமீட்டர்கூடப் போகும். பாறையிலோ மேட்டில் கிடக்கும் கல்லிலோ பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. மண்மேடு மழையில் கரைந்திருக்கா, அதில் கல் வெளியே தெரியுதா, போன வருஷம் காலியாக இருந்த பொட்டலில் இந்த வருஷம் வீடு வந்திருக்கா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும்.

போட்டித் தளங்களில் இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. பயிற்சியாளர் ஒருவர், தள அதிகாரி வேறொருவர். முதலாமவர் வீரரைப் பார்ப்பார், ரெண்டாமவர் மொத்தத் தளத்தையும் பார்ப்பார். எங்க தொழிலிலும் புரோகிராம் எழுதினவரே அதைச் சோதித்து முடிக்க விடமாட்டோம். காரணம் ஒன்றுதான்.

உங்க பிள்ளை என்.சி.சி-யிலோ ரைபிள் கிளப்பிலோ சேர்ந்தால், பயிற்சியாளரிடம் இதெல்லாம் கேளுங்க:

1. யாராவது "ஸ்டாப்" என்று கத்தினால் எல்லாரும் நிறுத்திவிடுவார்களா? அப்படிக் கத்தும் உரிமை புதுசாகச் சேர்ந்த பிள்ளைக்கும் உண்டா?
2. சுடாத நேரத்தில் சேம்பர் காலி என்று காட்ட நிறக் கொடி செருகி வைப்பீங்களா?
3. ஒரு பயிற்சியாளர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்ப்பார்?
4. அடிபட்டால் முதலுதவி செய்ய யார் இருக்காங்க, பக்கத்து ஆஸ்பத்திரி எது?
5. அந்த மண்மேட்டுக்குப் பின்னால் என்ன இருக்கு, கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீங்க?

நல்ல பயிற்சியாளர் அஞ்சாவது கேள்விக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். கேட்டதற்கே கோபப்படுகிறார் என்றால் பிள்ளையை வேறு இடத்தில் சேருங்க.